பிறப்புரிமை என்று நான் சொன்ன சொல்

1955 பெப்ரவரி, மாசி பிறந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. இடம், அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டம். கிழமையும் தேதியும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. எழுதினால் சம்பந்தப்பட்டவர்களை ஊரார் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் அப்போது அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார். எதையும் எழுதிவைக்கும் பழக்கமும், கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கமும் ஒருவனிடம் சேர்ந்தால் அவன் எவ்வளவு பெரிய முட்டாளாக முடியும் என்பதை அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். இதை எழுதும்போதுகூட என்மேல் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்தில் ஓர் இளம் தம்பதி. ஏழு மாத வயதில் ஓர் ஆண்குழந்தை, தலைப்பிள்ளை. பெற்றோர் இருவருக்கும் கன்னங்கரேலென்ற கண். பிள்ளைக்கோ சாம்பலும் பச்சையும் கலந்த பூனைக்கண். அந்தப் பெண் கல்யாணமான புதிதில் சில மாதம் துரை பங்களாவில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள். தோட்டத்தை நடத்திய அந்தத் துரை வெள்ளைக்காரர். ஊர் வாய்க்கு இவ்வளவு போதாதா? பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள், “துரை கண்ணு வச்சிட்டாரு போல, அதான் புள்ளைக்குக் கண்ணு வந்திருச்சு” என்று சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு தோட்டத்தின் மூன்று டிவிஷனையும் சுற்றி வந்துவிட்டது.

கணவன் ஒரு மாலை என்னிடம் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். முகத்தைப் பார்த்தால் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவன் போலிருந்தான்.

“வாத்தியாரய்யா, நீங்க பொஸ்தகமெல்லாம் படிக்கிறவரு. ரெண்டு கறுப்புக் கண்ணுக்கு இப்பிடி ஒண்ணு பொறக்குமா? பொறக்காதுன்னா சொல்லிருங்க. ஞாயித்துக்கிழம அவளப் பூனாகலையில அவ அண்ணன் வீட்டுல கொண்டுபோயி விட்டுர்றேன்.”

அந்தப் பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டிலோ ஏற்கெனவே ஒரே காம்பராவில் எட்டுப் பேர். இந்தப் பழியோடு போனால் அவள் கதி என்ன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பதுளைக் கடைவீதியில் பழைய புத்தகமாக வாங்கிய, பரம்பரைக் குணங்களைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை அப்போதுதான் இரண்டாம் முறை படித்து முடித்திருந்தேன்.

சட்டைப் பொத்தான்களை எடுத்து மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு குணத்துக்கும் நம் உடம்பில் இரண்டு பொத்தான். ஒன்று தகப்பன் கொடுத்தது, ஒன்று தாய் கொடுத்தது. நமக்குப் பிள்ளை உண்டாகும்போது அந்தச் சோடி பிரிகிறது. ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும், எது போகும் என்பது நம் கையில் இல்லை. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருந்தால் கறுப்புத்தான் வெளியே தெரியும், வெள்ளை ஒளிந்திருக்கும். உனக்குள்ளும் உன் மனைவிக்குள்ளும் வெள்ளை ஒளிந்திருந்தால், இரண்டு வெள்ளையும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேரலாம். நாலில் ஒன்று அப்படி வரும் என்றேன்.

அவன் பொத்தான்களை விரலால் தொட்டு எண்ணினான். பிறகு, “இது மொதப் புள்ளைங்களே. நாலாவதா வந்திருந்தா நீங்க சொல்றது சரி” என்றான்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாலில் ஒன்று என்றால் நாலாவது என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குலுக்கிப் போடுவது போல என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவன் விடவில்லை. “ஒளிஞ்சிருக்குன்னு சொல்றீங்க. எங்க ஒளிஞ்சிருக்கு? எங்க ஆளுகள்ல யாருக்கு இருந்திச்சு? அதக் காட்டுங்க.”

அது நியாயமான கேள்விதான். மறுநாளே நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் வம்சப்படம் போட ஆரம்பித்தேன். இரண்டு பக்கத்து உறவினர்களையும் லயம் லயமாகப் போய்ப் பார்த்தேன். உங்கள் அப்பா பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன, எங்கே பிறந்தார், கண் என்ன நிறம்? எதற்கென்று கேட்டவர்களுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் சொல்ல ஆசைப்பட்டு, நானே ஒன்றைக் கட்டிக்கொண்டேன். “பிறப்புரிமை பற்றிய விசாரணை” என்றேன். பின்னாளில் நம் பாடப்புத்தகங்களும் அந்தப் படிப்புக்குப் பிறப்புரிமையியல் என்றுதான் பெயர் வைத்தன. அப்போது அந்தச் சொல் எனக்கு மகா திருப்தியாக இருந்தது.

திருப்தி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கேட்காதவர்களெல்லாம் பிறப்புப் பத்திரத்தோடும் அரிசிக் கூப்பனோடும் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் தன் தாத்தாவின் தாத்தாவும் இதே லயத்தில்தான் பிறந்தார் என்று அடித்துச் சொன்னார். அந்தத் தோட்டத்துக்கே அவ்வளவு வயது கிடையாது. கண் நிறம் கேட்டால், “எல்லாருக்கும் நல்ல கறுப்புங்க, சிலோன் கறுப்பு” என்றார்கள். கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். கையிலிருந்த சொல் எவர் காதில் எப்படி விழும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கடைசியாகக் கணவனின் தகப்பனைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டி, தோட்டத்து வேலைப் பேரில் இருந்து நின்றுவிட்டவர். அந்தப் பெண்ணுக்கு அவர் மாமனார் மட்டுமல்ல, தாய்மாமனும்கூட. அவருடைய இறந்துபோன தங்கையின் மகள்தான் அவள். குடும்பத்தின் பழைய ஆட்களில் உயிரோடிருந்தவர் அவர் ஒருவரே. வாசல் இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார்ந்திருந்தவர் என் பென்சிலையே பார்த்துக்கொண்டு, “எங்கப்பா இங்கதான் பொறந்தாரு. கண்ணு கறுப்பு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது.

நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். படம் முழுவதும் கறுப்பு. சனிக்கிழமை கணவன் வந்தான்.

“எங்க வம்சத்துல பூனைக்கண்ணு இருக்கா இல்லையா? ஒரே வார்த்த.”

“இதில் இல்லை” என்றேன். இந்தக் காகிதத்தில் இல்லை என்று நான் சொன்னேன். வம்சத்தில் இல்லை என்று அவன் கேட்டுக்கொண்டான். ஒளிந்திருக்கும் குணம் பல தலைமுறைக்கு வெளியே தெரியாமலே இருக்கலாம், காகிதத்தில் இல்லாதது எதையும் நிரூபிக்காது என்று சொல்ல வாயெடுத்தபோது அவன் படியிறங்கிப் போயிருந்தான்.

ஞாயிறு காலை அந்தப் பெண் ஒரு தகரப் பெட்டியும் குழந்தையுமாக ரோட்டுக்கு வந்துவிட்டாள். கணவன் பத்தடி முன்னால் நடந்தான். நான் பின்னாலேயே ஓடி, பொத்தான், நிகழ்தகவு என்று என்னென்னவோ உளறினேன். அவள் திரும்பி, “உங்க பொத்தானக் கொண்டுபோயி சட்டையில தைங்க வாத்தியாரய்யா” என்றாள். 

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து, “நில்லுடா!” என்று சத்தம். மாமனார். மேல்சட்டைகூடப் போடாமல் அந்தக் குளிரில் வந்து நின்றார். லீவு நாள், களத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள்.

“எங்கப்பனுக்கு இதே கண்ணு. பூனைக்கண்ணன்னுதான் கூப்புடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் பொறக்க முந்தியே செத்துட்டாரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “முசிறிப் பக்கம் பொறந்தவரு. இந்தியாவுல. எழுதிக்குங்க வாத்தியாரய்யா. கவர்மெண்டுக்கு எழுதி அனுப்புங்க. என் பிரஜாவுரிம போனாப் போகுது. என் தங்கச்சி மக ரோட்டுல நிக்கக் கூடாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சத்துக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றாக்கிய 1948ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத்து மக்கள் தாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் என்று காட்டுவதற்குக் காகிதம் காகிதமாகத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பிரஜாவுரிமை கேட்டுப் பெட்டிஷன் போட்டவர்களைப் பதுளையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இந்தியா என்ற சொல்லை வாயிலெடுக்கவே பயம். அந்த நேரத்தில் நான் நோட்டும் பென்சிலுமாக வந்து, அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறப்புரிமை விசாரணை என்று பெயர் வேறு! அந்த மனிதருடைய பெட்டிஷனும் பதுளையில்தான் கிடந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று அதில் எழுதிக் கொடுத்திருந்தாராம்.

“மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேப்பா” என்றான் மகன்.

“நீ மொதல்லயே நம்பித் தொலைச்சிருக்கலாமேடா.”

களத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தகரப் பெட்டியைக் கணவனின் காலடியில் வைத்துவிட்டு, குழந்தையோடு மேல் லயத்தை நோக்கித் தனியாக நடந்தாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திருத்தினேன். எவ்வளவு எளிது! அந்த ஒரு தாத்தாவின் மகனும் மகளும் அவருடைய வெள்ளைப் பொத்தானை ஆளுக்கொன்றாக வாங்கி ஒளித்து வைத்திருந்தார்கள். அந்த மகனின் மகனும் மகளின் மகளும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மனிதர்தான் ஊற்று. புத்தகம் சொன்னது சரிதான். நான் கேட்ட விதம்தான் தப்பு.

நான் எங்கும் எதையும் அனுப்பவில்லை, அனுப்பும் ஆள் நான் இல்லை என்று அவரிடம் பலமுறை சொன்னேன். பாதிதான் நம்பினார். அடுத்த வருடம் அவருடைய பெட்டிஷன் தள்ளுபடியாகிவிட்டதென்று கடிதம் வந்தது. என்னைத்தான் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். காரணம் என்று ஒரே ஒரு வரி இருந்தது, அதில் தகப்பனைப் பற்றி ஒன்றுமில்லை. களத்தில் இருந்த முப்பது நாற்பது பேரில் யார் எங்கே என்ன சொன்னார்களோ, அது எனக்குத் தெரியாது. அவர் கடிதத்தை வாங்கி மடித்துவிட்டு, “அன்னிக்குச் சொன்னதுக்கு நான் வருத்தப்படலைங்க” என்றார். நான் கேட்காமலே சொன்னார். அவர் அப்படிச் சொன்னதால் என் வருத்தம் குறைந்துவிட்டதென்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் என்னால் எழுத முடிந்ததில்லை.