சித்தி சும்மா விட்ட இடம்

சித்தியின் பாட்டைப் பன்னிரண்டு வருடம் பிழையாக வாசித்தேன். பேசாலையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கீபோட் வாசிப்பவன் நான். பிழை என்று தெரிந்தேதான் வாசித்தேன்.

சித்தி அம்மாவின் தங்கை. சித்தப்பா தொழிலுக்குப் போன ஒருநாள் படகு மட்டும் வெறுமையாகக் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு சித்தி வேறு சபைக்குப் போய்விட்டா. கீரி, உயிலங்குளம் என்று ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்து வீடு வீடாகச் சுவிசேஷம் சொன்னா. ஊர் அவவை 'அல்லேலூயாக்காரி' என்று நெளித்துச் சிரித்தது. அம்மா நெளிக்கவில்லை, கதவைச் சாத்தினா. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அவ எழுதிய பாட்டை மட்டும் ஊர் விடவில்லை. கடலில் காணாமற் போனவர்களுக்கான பூசையில் அதைத்தான் பாடுவார்கள். 'கர்த்தரே' என்றிருந்ததை 'ஆண்டவரே' என்று மாற்றினார்கள். பாட்டுத்தாளில் 'இயற்றியவர் தெரியவில்லை' என்று அச்சடித்தார்கள். பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தவவை! வெட்கம் கெட்ட சனம். நானும் அதில் ஒருவன்.

ஒவ்வொரு சரணமும் ஒரு கேள்வியில் முடியும்: "என் குரல் கேட்கிறதோ?" அதற்குப் பிறகு நாலு தாளம் சும்மா விட்டிருந்தா. அதை நான் கீபோட்டால் நிரப்பினேன்.

ஒருநாள் வந்து முற்றத்தில் நின்றா.

"நான் நிப்பாட்டின இடத்தில நீ ஏன் தம்பி வாசிக்கிறாய்?"

"சும்மா விட்டால் சனம் இருமுது சித்தி. பிள்ளையள் சிரிக்குதுகள்."

"கேள்வி கேட்டால் பதிலுக்கு நிக்கவேணும். நீ அதை அடைச்சுப்போட்டாய். என்னைப் புதைக்கிற அண்டைக்கு எண்டாலும் விட்டு வாசி."

"ஆர் பதில் சொல்லுறது, உங்கட கர்த்தரோ?"

"ஆர் எண்டாலும்" என்றா. சிரிக்கவில்லை.

"ஓம், வாசிக்கிறன்" என்று சம்மதித்தேன், ஆளை அனுப்பினால் போதும் என்று.

போன வருடம் செத்துப்போனா. கீரியில் கடலோரம், அவவின் சபை நிலத்தில் குழி. காலை பத்து மணி வெயில். எங்கள் ஊர்ச்சனம் வேலிக்கு வெளியே நின்றது. அம்மா மட்டும் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றா.

சொன்ன சொல்லுக்காகக் கீபோட்டைக் கொண்டுபோயிருந்தேன்; அவவின் சபையார் பாடினார்கள். முதற் சரணம் முடிய, கையை எடுத்தேன். அலைச்சத்தம், ஒரு காகம். இரண்டாவதில் அலை மட்டும். மூன்றாவதில் அலையும் கேட்கவில்லை. காற்று விழுந்துவிட்டதாக்கும் என்று பார்த்தேன். பெட்டியின் மேல் போட்ட துணி ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது கடற்பக்கமிருந்து ஒரு ஆண்குரல் "ஓம்" என்றது. கத்தவில்லை. அடுத்த அறையிலிருந்து கட்டின மனுசிக்குக் குரல் கொடுப்பது போல.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். படகில்லை, கரையில் ஆளில்லை.

அம்மா என் கையைப் பிடித்துக் கீபோட்டில் வைத்து அமுக்கினா. "வாசியடா! கெதியா வாசி தம்பி, கேக்க ஏலாது!" நகம் பதிந்தது. கையை இழுத்துக்கொண்டேன். நாலாவது சரணத்திலும் அந்த இடத்தை விட்டேன். அலைச்சத்தம் திரும்பியிருந்தது, வேறொன்றுமில்லை.

சித்தப்பாவின் குரல் எனக்கு ஞாபகமில்லை. அம்மாவுக்கு இருக்கும். நான் கேட்கவில்லை, அவ சொல்லவுமில்லை.

இப்போது எங்கள் கோயிலிலும் கையை எடுத்துவிடுகிறேன். "இடையில ஏதாவது போடும் ஐசே" என்று பாடகர் குழுத் தலைவர் கத்துகிறார். போடமாட்டேன். பாட்டுத்தாள்கள் எல்லாவற்றிலும் சித்தியின் பெயரைப் பேனையால் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நாலு தாளத்துக்கும் ஒருவரும் இருமுவதில்லை. அம்மா அந்தப் பூசைக்கு வருவதில்லை.