இறுதியாட்டத்துக்கு நான் குறித்த திகதி

குடாநாட்டில் இளைஞர் கரப்பந்துப் போட்டிகளைச் சீராக்கியவன் என்று என்னைச் சிலர் இன்னும் சொல்வதுண்டு. அது பொய்யில்லை. கேட்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குள்ளேயே நான் ஓர் அநியாயமும் செய்தேன். எண்பது வயதைக் கடந்துவிட்டேன். இனியும் அதை மறைத்துப் பயனில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் காற்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும்தான் மதிப்பு. அவை பெரிய கல்லூரிகளின் சொத்து. கரப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் இரண்டு கமுக மரமும் போதும் என்பதால் எங்களைப் போன்ற சிறிய ஊர்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆண்டுக்கொருமுறை ஊர்களுக்கிடையே இளைஞர் போட்டி நடக்கும். நடந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இளைஞர் அணியில் இரண்டு பிள்ளை பெற்றவர்கள் நின்று ஆடினார்கள். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊரவரே மத்தியஸ்தர். தோற்கப்போகிற அணி, ஊரில் செத்தவீடு என்று நாளைத் தள்ளிப்போடும். ஒரே கிழவர் ஒரு வருடத்தில் இரண்டு தரம் செத்ததும் உண்டு.

நான் அப்போது வலிகாமத்தில் ஆசிரியன். போட்டிக் குழுவின் செயலாளர் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். பதினெட்டு வயது தாண்டாதவர்களே ஆடலாம் என்றேன். மத்தியஸ்தர் மூன்றாம் ஊரவராக இருக்கவேண்டும். திகதிகள் முன்கூட்டியே அச்சிடப்படும், எக்காரணம் கொண்டும் மாறா. வராத அணி தோற்ற அணி.

வயதுக்குச் சான்றாகக் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானஸ்நானப் பத்திரம் கொண்டுவந்தார்கள். சைவப் பிள்ளைகளுக்குச் சாதகம்தான். அளவெட்டியிலிருந்து வந்த தகப்பன் ஒருவர் கிரகக் கட்டத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திகதியை மட்டும் பாருங்கோ மாஸ்டர். கட்டத்தைப் பார்க்கக் கூடாது."

"ஏன் ஐயா?"

"செவ்வாய் எங்கை நிக்குதெண்டு பார்த்துப்போட்டு ஊரெல்லாம் சொல்லுவியள். பிறகு உவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவுமில்லை, கையை எடுக்கவுமில்லை.

முதலாண்டு சண்டையில்லாமல் முடிந்தது. இறுதியாட்டத்தில் குருநகர் அணி எங்கள் ஊரை வென்றது. அவர்களுடைய தலைவன் வலை பின்னுகிற ஒருவரின் மகன். அவன் எழும்பி அடித்தால் பந்து எங்கே விழுந்தது என்று நாங்கள் தேடித்தான் பார்க்கவேண்டும். அடுத்த ஆண்டும் எங்களால் அவர்களை வெல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டுப் போட்டிக்குப் புது வலை சொல்லக் குருநகருக்குப் போனேன். சொன்னது அந்தத் தலைவனின் தகப்பனிடம்தான். திரும்பும் வழியில் தேவாலய வாசலில் பெருநாள் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நின்று வாசித்தேன். பெருநாளன்று அங்கே ஒருவரும் ஊரைவிட்டு அசையமாட்டார்கள். வீட்டுக்கு வந்து இறுதியாட்டத்துக்கு அந்தத் திகதியையே எழுதி அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். மறதியில்லை. தெரிந்தே எழுதினேன்.

அட்டவணை வெளியானதும் அந்தத் தலைவன் சைக்கிளில் வந்தான். கையில் பங்குச் சுவாமியாரின் கடிதம்.

"மாஸ்டர், அண்டைக்கு எங்கடை கோயில் பெருநாள். ஊர்வலத்திலை சொரூபம் தூக்கிறதே நாங்கள்தான். ஒரு நாள் தள்ளி வையுங்கோ."

"அச்சடிச்சாச்சு தம்பி. உங்களுக்கு மாத்தினால் நாளைக்கு எல்லாரும் செத்தவீடெண்டு வந்து நிப்பினம்."

"நான் ஒருத்தரையும் சாக்கொல்ல வரேல்லை. வாற வருஷம் எனக்குப் பதினெட்டுத் தாண்டிப் போகும். எங்களிலை நாலு பேருக்கு அப்பிடித்தான்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே."

"ஓம். எழுதினவர் ஆரெண்டதுதான் வேறை" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

இருந்தும் அவர்கள் மற்ற ஆட்டங்களை எல்லாம் வென்று இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றார்கள். அன்று வரவில்லை. அவனுடைய தகப்பன் பின்னிய வலைக்கு இந்தப் பக்கம் எங்கள் பெடியன்கள் ஆறு பேர். அந்தப் பக்கம் வெறும் மணல். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றேன். பிறகு மத்தியஸ்தரை விசில் ஊதச் சொல்லிக் கிண்ணத்தைக் கொடுத்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. "இதை வீட்டை கொண்டுபோய் என்னெண்டு சொல்லுறது மாஸ்டர்?" என்று எங்கள் தலைவனே கேட்டான்.

அடுத்த ஆண்டு, அச்சிடுமுன் அட்டவணையை ஊர் ஊராக எடுத்துச் சென்றேன். கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், புகையிலை நடுகிற நாட்கள் எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வோர் ஊரிலும் கையொப்பம் வாங்கினேன். அதன் பிறகு நான் செயலாளராக இருந்தவரையில் திகதியால் எந்த அணியும் ஆட்டத்தை இழக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. குருநகரில் அந்த நால்வருக்கு மட்டும் அது பிந்திவிட்டது.

குருநகருக்குக் கையொப்பம் வாங்கப் போனபோது அந்தத் தலைவன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் அந்தத் திகதியை நான் தெரிஞ்சுதான் போட்டனான்" என்றேன்.

அவன் கை நிற்கவில்லை. "அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும். இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"நீர் மத்தியஸ்தராய் வரவேணும்."

"என்னை நம்பி விசிலைத் தருவியளோ? உங்கடை பெடியளை வெளுத்துப்போடுவன்."

"வெளுக்கவேண்டியதெண்டால் வெளும்."

அவன் அடுத்த கிழிசலை இழுத்துப் பொத்தத் தொடங்கினான். ஆனால் போட்டிக்கு வந்தான்.

அந்த ஆண்டு குருநகர் இடையிலேயே தோற்றது. இறுதியாட்டம் எங்களுக்கும் அரியாலைக்கும். கடைசிப் புள்ளிக்கு எங்கள் பெடியன் அடித்த பந்து சுண்ணாம்புக் கோட்டோடு விழுந்தது. வெளியே என்று அரியாலைப் பக்கம் கத்தியது, உள்ளே என்று எங்கள் பக்கம். முன்பென்றால் அடுத்து வருவது கல்லெறி. மத்தியஸ்தராய் நின்ற அவன் போய்க் குந்தியிருந்து மணலைப் பார்த்தான்.

"உள்ளை" என்றான்.

அரியாலைத் தலைவன் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இவன் உவையளுக்குப் பக்கம் சாயிறவனோ? இவன் உள்ளை எண்டால் உள்ளைதான்." வந்து எங்கள் பெடியன்களுக்குக் கை கொடுத்தான்.

என் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்பட்ட நேரம் அது. ஒரு கூக்குரல் இல்லை. தோற்றவர்களே ஒப்புக்கொண்ட வெற்றி. அதை எங்களுக்குத் தந்தவன், நான் ஆடவிடாமல் செய்தவன்.

படம் எடுக்க எங்கள் பெடியன்கள் அவனையும் கூப்பிட்டார்கள். "அண்ணை, கப்பிலை ஒரு கை வையுங்கோ!"

"வெண்ட ஆக்கள் நில்லுங்கோடா" என்று விசிலை என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளில் ஏறினான். அதன் பிறகு எத்தனை முறை கேட்டும் அவன் விசிலை எடுக்கவில்லை.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிண்ணத்துக்குப் பக்கத்தில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவன் நான்.