பண்ணைக்குள் வரும் வழி

எங்கள் கோழிப்பண்ணைக்குள் மருந்துத் தொட்டியில் கால் நனைக்காமல் யாரும் நுழைய முடியாது. வேறு பண்ணைக்குப் போய்வந்தவர் என்றால் கால் நனைத்தாலும் விடமாட்டேன். நோய் செருப்போடு வந்துவிடும். நாமக்கல் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் பண்ணை வைத்திருப்பவர்கள். ஆத்திர அவசரத்துக்கு ஒருவரையும் கூப்பிட முடியாது.

சித்திரையில் மனைவிக்குக் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை. கூலிக்குத் தீவனம் போடுகிற அம்மா காலையிலேயே போய்விடுவார். உச்சி வெயிலில் தண்ணீரைப் புகைபோலத் தூவும் ஃபாகரைப் போடாவிட்டால் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு விழும். கேமராவில் பார்த்து, செல்போனிலேயே ஃபாகரைப் போட ஒரு கருவி மாட்டியிருந்தேன். பண்ணையை ஒட்டிய எங்கள் வீட்டில் இருந்தவரை வேலை செய்தது. அறுவைக்கு முந்தின நாள் பிற்பகல், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் தொட்டுப் பார்த்தால் அசையவில்லை.

"நாளைக்கு நீங்க பண்ணைக்குப் போயிருங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

எங்களுக்கு இண்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

"போர்ட்டுன்னு உள்ள வர்ற வழிக இருக்குதுங்க; எல்லாத்தையும் மேல கம்பெனியிலயே மூடி வெச்சிருக்காங்கண்ணா. வெளிய இருந்து ஆரும் உள்ள வர முடியாதுங்க."

"எம்பட ஊட்டுக்குள்ள நானே போவ முடியாதா?" எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். மாலையில் திறந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் செல்போன் அலற ஆரம்பித்தது. யாரோ தவறான கடவுச்சொல் போடுகிறார்கள் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. பெயர்கூடத் தெரியாத நாடுகளிலிருந்து. கேபிள்காரரை மறுபடி கூப்பிட்டேன்.

"உலகத்துல இருக்கற ஒவ்வொரு கதவையும் தட்டிப் பாக்கறதுக்குன்னே மெஷின் ஓடுதுங்கண்ணா. ராத்திரி பகல் கிடையாது."

எத்தனை பெரிய உலகம், அதில் எங்கள் முட்டைக்கோழிகளைத் தேடி இத்தனை பேரா! மச்சானையே வாசலில் நிறுத்துகிற நான் ஊர் உலகத்துக்கே கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறேன். மூடச் சொன்னேன்.

"வேற வழி இருக்குங்க. வெளிய இருந்து வந்தாத்தான் தடுப்பாங்க. நம்ம ஊட்டுல இருந்து மெஷினே உங்களைக் கூப்பிட்டா ஆரும் தடுக்க மாட்டாங்க. காலையில போய் மோடம் பக்கத்துல அப்படிக் கூப்பிடற பெட்டி ஒண்ணு வெக்கறேன்."

"ஊட்டோட நின்னுக்கங்க. பண்ணைப் பக்கம் போயிராதீங்க" என்றேன். அவர் எத்தனை பண்ணை ஏறி இறங்குகிறவரோ.

மறுநாள் உச்சி வேளையில், மனைவியை அறுவைக்கு உள்ளே கொண்டுபோவதற்குச் சற்று முன்பு, செல்போனில் கேமராப் படம் வந்தது. கோழிகள் இறக்கையை விரித்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. பொத்தானைத் தொட்டேன். கோயம்புத்தூரில் என் விரல் பட, நாமக்கல்லில் வெண்புகையாகத் தண்ணீர் இறங்கியது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை நிமிர்த்தின.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க போவ வேண்டாமுங்களா? எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்க."