டம்ளருக்கு அடியில் இருந்த தாள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முந்தாநாள் காலையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டும் பேச்சியக்கா போனைப் பார்த்துவிட்டு, "ஏடி செல்வி, ஒனக்குச் சிவப்பு அட்டை காட்டுச்சே ஒரு டிவி அம்மா, அது செத்துப்போயிருச்சாம்டி" என்றார். கையில் நூல் சிக்கிக்கொண்டது. அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இரண்டு வருடமாகவே சொல்லாமல் இருந்தேன்.

கமலவேணி அம்மாவை உள்ளூர் சேனலின் பாட்டுப் போட்டியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று நடுவர்களில் ஓரத்து நாற்காலி அவருடையது. பக்கத்து நடுவர் பாடியவர்களையெல்லாம் "சூப்பர்" என்று சொல்ல, "எல்லாரும் சூப்பர்னா நாம எதுக்குண்ணே? ஒரு விசில வாங்கி வச்சிட்டுப் போயிரலாம்" என்று கேமரா முன்னாலேயே சொன்னவர். ஒரு சின்னப் பிள்ளை காதல் பாட்டுப் பாடியதும் அதன் அப்பாவைக் கூப்பிட்டு, "இந்தப் பாட்டு புள்ளைக்குப் புடிச்சதா, ஒங்களுக்குப் புடிச்சதா?" என்று கேட்டவர். அந்தக் கேள்வி ஒரு வாரம் மார்க்கெட்டில் பேச்சாக இருந்தது.

போட்டிக்குப் போகிறவர்கள் முதலில் தங்கள் கஷ்டத்தை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதன் நகல் மூன்று நடுவர்களுக்கும் போகும். நானும் எழுதினேன். அப்பா இல்லை, ஒன்பதாவதோடு படிப்பு நின்றது, பூக் கட்டுகிறேன். மூன்றே வரி. மேடையில் ஏறியபோது இரண்டு நடுவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். கமலவேணி அம்மா மட்டும் தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, "பாடுத்தா" என்றார்.

பாடி முடித்ததும் இரண்டு பச்சை அட்டைகள் உயர்ந்தன. அவர் காட்டியது சிவப்பு. மூன்றும் பச்சையாக இருந்தால்தான் அடுத்த சுற்று. டைரக்டர் ஓடி வந்தார்.

"அம்மா, பாவம்மா இந்தப் புள்ள. சனங்க பாத்தா அழுதுருவாங்க."

"பாவமா இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போடுய்யா. பாட்டுக்கு எதுக்குப் பச்ச கேக்குற?"

எனக்குக் கண் கலங்கியது. உடனே கேமரா என் முகத்துக்குக் கிட்டே வந்தது. "அத அங்கிட்டுத் திருப்பு. புள்ள பாட வந்திருக்கு, அழ வரல" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "கொரலு நல்லாருக்கு. மேல போறப்ப சுருதி வெலகுது. மூச்ச எங்க எடுக்கணும்னு தெரியல ஒனக்கு" என்று சொல்லி, கவிழ்த்த தாளின் பின்பக்கத்தில் மூச்சு எடுக்க வேண்டிய இரண்டு இடங்களை எழுதிக் கையில் கொடுத்தார்.

நிகழ்ச்சி டிவியில் வந்த மறுநாள் மார்க்கெட்டே அவரைத் திட்டியது. "கல்லு நெஞ்சுக்காரி. ஏழப் புள்ள வயித்தெரிச்சல அம்புட்டும் வாங்கிக் கட்டிக்கிட்டா" என்றார் பேச்சியக்கா. எனக்காகத்தான் திட்டினார்கள். கூச்சத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

உண்மை என்னவென்றால், அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் எது செய்தாலும் "பாவம்" என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்குத்தான் ஒருவர் என்னை மற்றவர்களைப் போல நிறுத்தி வைத்து, பாட்டை மட்டும் கேட்டார்.

அடுத்த வருடம் மறுபடியும் போனேன். புதுத் தாள், அதே மூன்று வரி. அதையும் கவிழ்த்து டம்ளரை வைத்தார். நான் மேல் ஸ்தாயிக்குப் போய் இறங்கியபோது, "ஏத்தா, போன வருசம் செவப்பு வாங்குன புள்ளதான நீ? இப்பச் சேந்திருச்சு பாரு" என்று முதல் பச்சையை அவர்தான் தூக்கினார். என் முகம் அவருக்கு நினைவில்லை. குரல் இருந்தது. அதற்கடுத்த சுற்றில் தோற்றேன். அதுவும் பாட்டில்தான் தோற்றேன்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்னிடம் கிடையாது. காப்பி டம்ளரின் வட்டம் பதிந்த அந்த முதல் தாள் இருக்கிறது. நேற்று அதை மார்க்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சியக்காவிடம் காட்டினேன்.

"என்னடி இது, காப்பிக் கறையா இருக்கு?"

"அந்தம்மா என்னயப் பாவம் பாக்கலக்கா" என்றேன். நாலு கடை தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.