என் சக்களத்தி ஒரு ஃபெரட்

நான் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தபோது என் கணவரின் மடியில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். நீள உடம்பு, கட்டைக் கால், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. ஃபெரட் என்று ஒரு வளர்ப்புப் பிராணி. நாங்கள் இருந்த பிரெடெரிசியா நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் அதைக் கீரி என்றார்கள். கீரி இல்லை, கீரி மாதிரி ஒன்று என்று அவர் எல்லோரையும் திருத்திக்கொண்டு திரிவார்.

தமிழரின் மனைவி, பிள்ளைகளைக் கூப்பிடும் விண்ணப்பங்களை டென்மார்க் அரசாங்கம் பார்க்காமலே கிடப்பில் போட்டிருந்த காலம் அது. நான் யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் குந்தியிருந்தேன். இவள் இங்கே அவருடைய சட்டைக் கைக்குள் நித்திரை கொண்டாள். முதியோர் இல்லத்துக்குப் போன பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் கொடுத்துவிட்டுப் போனாராம். என் கணவர் வேலையால் வந்ததும் "குஞ்சு, வாடி" என்பார், ஓடி வருவாள். கடிதங்களில் என்னைத்தான் குஞ்சு என்று எழுதியிருந்தார். எனக்கு வரவேண்டிய வருஷங்களையெல்லாம் இவள் தின்றுவிட்டாள்.

நாறுகிறது என்று சொல்லித் துரத்தப் பார்த்தேன். நாளும் சோப் போட்டுக் குளிப்பாட்டினேன், மணம் கூடிற்று.

"குளிப்பாட்டினால்தான் மணக்கும். அவள் படுக்கிற துணியைத் தோயும்" என்றார்.

தோய்த்தேன். பாழாய்ப் போன மணம் போய்விட்டது. கழிப்பதும் ஒரே மூலையில்தான். காலுறை களவெடுப்பாள், அதைத் தவிர ஒரு குற்றமும் அகப்படவில்லை. குறை பிடிக்கவென்றே பின்னால் திரிந்ததில் அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஒருநாள் மேல்வீட்டு அக்கா வந்தார்.

"தங்கச்சி, உது எலிச் சாதி. நித்திரையில பிள்ளையின்ரை குரல்வளையைக் கடிச்சு இரத்தம் குடிக்குமாம். என்ரை வேலையிடத்து டேனிஷ் மனிசியளும் சொல்லுகினம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பக்கத்தில் இருந்த என் கணவருடைய முகம் செத்துப்போயிற்று. அக்காவுக்கு முன்னாலேயே என்னைப் பார்த்து, "நீர் சொல்லும். கடிக்குமெண்டு நினைச்சால் நாளைக்கே ஆருக்கும் குடுத்துவிடுறன்" என்றார்.

நான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் போய்விடுவாள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவளைக் கரித்துக்கொட்டும் உரிமை எனக்குத்தான் இருந்தது, ஊராருக்கு இல்லை. அதுவும் பச்சைப் பொய் சொல்லி.

"எலி இல்லை அக்கா, எலி பிடிக்கிறது. மிதிச்சால் கடிக்கும்; மிதிச்சால் நானும்தான் கடிப்பன். பிள்ளையோட தனிய விடமாட்டம், நாயெண்டாலும் விடமாட்டம்தானே. உந்த மனிசியள் எங்களைப் பற்றியும் கனக்கச் சொல்லுறவை. அதையும் நம்புறியளோ?"

அக்கா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

"வைச்சிருப்பம்" என்றேன் அவரிடம். எனக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். அவர் அவளைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்தார். "கேட்டியே, உன்னை விடமாட்டமாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதார்.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு விமான நிலையத்தில் என்னைக் கண்டபோது, "களைச்சுப் போனீரோ" என்று மட்டும் கேட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்ட மனிசன்.