எல்சா அன்ரி போட்டு வைத்த கதிரைகள்

கோப்பி வாசம்… துறைமுகத்து டீசல் மணத்தையும் மீறி எங்கள் ஒழுங்கை முழுக்க அடிக்கும். நாங்கள் குடிக்கும் மல்லிக் கோப்பி இல்லை. எல்சா அன்ரியின் ஊரிலிருந்து தகர டின்னில் வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுக வேலைக்கு வந்த வெள்ளைக்கார எஞ்சினியரின் மனைவி அவர். எங்கள் எதிர்வீடு. பிரிட்ஜ், ஃபான், கார், சமைக்கக் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் மனிசி சித்தி ராத்தா… ஒழுங்கையில் வேறு யாருக்கும் இல்லாத வசதி.

"குடுத்து வச்ச மனிசி" என்பார் அம்மா.

குடுத்து வைத்த மனிசிதான். புருஷன் பாதி நாள் கொழும்பில். அன்ரி பின்னேரங்களில் கேற்றடியில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் சிரிப்பார். நாங்களும் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவோம். இங்கிலீஷில் கதைக்க வேண்டி வந்துவிடுமோ என்ற பயம்!

அடுத்த வீட்டு மாஸ்டர் செத்தபோது அன்ரியும் வந்தார். முற்றத்தில் வரிசையாகக் கதிரைகள். அழைக்காமலே ஊர் வந்து குவிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு மூலையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு பின்னேரம்… அன்ரி வீட்டு முற்றத்தில் கதிரைகள் வரிசையாக இருந்தன. எல்லா லைற்றும் எரிந்தது. அன்ரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"பார்ட்டி போல கிடக்கு. வெள்ளைக்காரர் எல்லாம் வருவினம். வாசலில போய் நிண்டு விடுப்புப் பார்க்காதேங்கோ" என்று அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். ஒழுங்கை முழுக்க அப்படித்தான் நினைத்தது. மரியாதைக்கு ஜன்னலைக் கூடச் சாத்தினோம்.

ஒரு காரும் வரவில்லை. இருட்டிய பிறகு அன்ரி தனியாக ஒவ்வொரு கதிரையாக உள்ளே தூக்கிப் போனார்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காக லீவில் நின்ற ராத்தா அடுத்த நாள் காலைதான் வந்தா. அன்ரி வீட்டுக்குள் போனவ, போன வேகத்தில் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தா.

"அவட உம்மா மௌத்தாப் போயிட்டாவாம்! தந்தி வந்திருக்கு. மய்யத்துக்குப் போகவும் ஏலாதாம். இஞ்ச மௌத்து வீட்டுக்கு ஆரையும் கூப்பிடுறதில்ல, தானா வருவாங்க எண்டு நான்தான் சொல்லிக் குடுத்த. நீங்க ஒத்தரும் போகல்லையா?"

அம்மா அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு அப்படியே ஓடினார். நானும் பின்னால் போனேன். தாயைப் பறிகொடுத்த எல்சா அன்ரி அழவில்லை. எங்களை இருத்தி, கோப்பி ஊற்றித் தந்தார். அம்மாதான் அழுதார்.

அந்த வருஷமே அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது நான் வியன்னாவில். வாழ நல்ல நகரம் என்று பெயரெடுத்த ஊர். பைப்பில் மலைத்தண்ணீர், நேரத்துக்கு ட்ராம், அரண்மனை மாதிரி ஆஸ்பத்திரி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன மாசியில் அம்மா ஊரில் கண்ணை மூடினார். எல்லாவற்றையும் ஃபோனில்தான் பார்த்தேன். அது முடிந்த பிறகு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. தேவையே இல்லாமல் பால் வாங்கக் கடைக்குப் போனேன்.

காசு வாங்கிய பெண் சிரித்தபடி, "இன்றைய நாள் இனிதாக இருக்கட்டும்" என்றாள்.

"உங்களுக்கும்" என்றேன்.

அம்மா செத்த அன்று இந்த ஊரில் நான் கதைத்த ஒரே கதை அதுதான்.