ஒன்பதே காலுக்குப் புறப்பட்டவர்

அம்பிகைபாகன் ராகுகாலத்தில் வாசற்படி தாண்டியதில்லை. நாற்பத்தொன்று டிசம்பரில் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்து, சனங்கள் மலையடி ஆயர் ஈத்தாமுக்கு ஓடியபோதும், மூன்று மணியாகட்டும் என்று வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க அலுவலகத்தில் பதினாறு வருடம் கிராணி, குமாஸ்தா வேலை.

ஆயர் ஈத்தாமில் அவருக்கு அடுத்த வீடு தங்கராஜு. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர், சுயமரியாதைக்காரர். சாமி, சகுனம், நேரம் எதுவும் அவருக்கு ஆகாது. இருவரும் வேலியோரம் நின்று சளைக்காமல் வாதாடுவார்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளச் சொன்னான். தோக்கியோ நேரம். தள்ளினோம். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்ததைப் போல அதுவும் பழகிவிட்டது.

நாற்பத்து மூன்றில், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் வேலையிலிருந்த அம்பிகைபாகனின் தம்பி சற்குணத்தைச் சயாம் ரயில்பாதைக்கு அனுப்ப உத்தரவு வந்தது. ஒரு திங்கட்கிழமை. திங்களன்று ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. அம்பிகைபாகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தம்பியை நிறுத்திவைத்து, ஒன்பதே காலுக்கு வாசல் கடக்கவிட்டார். தங்கராஜு பையைத் தூக்கிக்கொண்டு, அக்கரை போகும் படகுத்துறை வரை போனார். ராகு வழி விட்டாச்சு, இனி ஜப்பான்காரன் விட்டால் சரி என்று போகும்போதே கேலி.

ஒரு வருடமாகக் கடிதமில்லை. சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன், கால் புண்ணைக் காட்டி, அங்கே ஆட்கள் சாகிற விதத்தைச் சொன்னான். சற்குணத்தின் மனைவி தவமணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் புருஷன் நல்ல நேரத்தில் போனவர், வருவார் என்றாள். யாரிடமும் அதையேதான் சொன்னாள். அதை வைத்துத்தான் காலையில் எழுந்தாள், கிழங்கு அவித்தாள்.

பிறகு ஒரு காலை, அம்பிகைபாகன் கிழங்கு பிடுங்கப் போனார். உள்ளே மணி ஒன்பது அடித்தது. இலையில் பனி காயவில்லை. வெயில் பழைய ஏழரை வெயில். ராகுகாலம் சூரியனைப் பார்த்து வருவது, தோக்கியோவைப் பார்த்து அல்ல. அப்படியானால் புதுக் கடிகாரத்தில் ஒன்பது முதல் பத்தரை வரை ராகுகாலம். தம்பியை அதற்குள்தான் அனுப்பியிருக்கிறார்.

வேலியோரம் தங்கராஜுவிடம் சொன்னார். அவர் கேலிக்கு வாய் திறக்குமுன்பே, “பஞ்சாங்கத்தில பிழையில்லை. பிழை என்ர” என்றார். இத்தனை வருட வாதத்துக்கும் பதில் தங்கராஜுவின் கையில் இருந்தது. இந்த ஊரே மூன்று வருடமாக ராகுகாலத்தில்தானே நடக்கிறது என்று கேட்டிருக்கலாம். எதிரே நின்றவரின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, கிழங்கு தேறுச்சா, கிராணி என்று கேட்டார்.

அடுக்களைக்குள் தவமணிக்கு எல்லாம் கேட்டிருந்தது. வெளியே வந்தாள்.

“தங்கராஜு அண்ணை, நீங்கள் இதெல்லாம் நம்பாத ஆள். எனக்காக மாத்திச் சொல்ல மாட்டியள். கரையைத் தாண்டினாத்தானே பயணம்? படகு எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது?”

தங்கராஜு மலைப்பக்கம் பார்த்தார். “பத்தே முக்கால் இருக்கும், தங்கச்சி. மழை. படகு லேட்டுலா.”

பத்தே முக்கால், என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

சாயங்காலம் பசாரிலிருந்து திரும்பும் வழியில் அம்பிகைபாகன் கேட்டார்: “தம்பி போன அண்டைக்கு மழையே?”

“என் கடிகாரத்தத்தான் ஜப்பான்காரன் முதல் வருசமே ரோட்டுல கழட்டிக்கிட்டானே, கிராணி. மணி எனக்கு எப்படித் தெரியும்?” கொஞ்ச தூரம் நடந்தார்கள். “நேரத்துல ஒண்ணுமில்லன்னு நெனைக்கிறவன் எந்த நேரத்தச் சொன்னா என்ன?”

அதை அவர் தனக்கே பதில் சொல்வதுபோலச் சொன்னார். மழையைப் பற்றி அம்பிகைபாகன் மறுபடி கேட்கவில்லை. பத்தே முக்கால், பத்தரை தாண்டிவிட்டது, என்று வீடு வரும்வரை முணுமுணுத்தார்.

நாற்பத்தைந்து செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கடிகாரங்களைப் பின்னே திருப்பினோம். சயாமிலிருந்து சிலர் வந்தார்கள், சற்குணம் வரவில்லை. அம்பிகைபாகன் நாற்காலியில் ஏறி முள்ளைத் தொட்டபோது தவமணி தடுத்தாள்.

“அவர் வரட்டும், அத்தான். வந்தாப் பிறகு திருப்புவம்.”

இன்னும் திருப்பவில்லை. தங்கராஜு அந்த வீட்டுக்கு வருகிறபோது யாராவது மணி கேட்டால், அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறார்.